ரத்தமில்லா ஈறுகளின் ஆண்டு

டெய்லரின் வாய் நாறியது. அதை அவருக்கு முதலில் சொன்னவை சட்டைகள்தான்.

கழுத்தளவு எடுக்க அவர் நெருங்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சைப் பிடித்தால் மார்பு விரியும். விரிந்த மார்புக்கு அவர் சட்டை தைத்தார். வீட்டுக்குப் போய், மூச்சை விட்டு, நிம்மதியாகச் சட்டையைப் போட்டுப் பார்த்தால் அது கொடியில் காய்வது போலத் தொங்கியது. மூன்று மாதத்தில் பதினெட்டுச் சட்டைகள் பிடித்துத் தைக்கத் திரும்பி வந்தன. இருபத்திரண்டு வருடமாகத் தப்பாத அளவு தப்புகிறதே என்று அவர் முதலில் டேப்பை மாற்றினார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாற்றினார்.

"டேப்பும் சரியாத்தான் இருக்கு, கண்ணும் சரியாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல," என்றாள் மனைவி. கடையின் மறுபாதியில் உட்கார்ந்து காஜா எடுப்பது அவள்தான். "ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருஷமா நீங்க கிட்ட வந்து பேசினாலே நான் தலையைக் குனிஞ்சுக்கிறேனே, ஏன்னு நினைச்சீங்க?"

"வெட்கம்னு நினைச்சேன்."

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழிச்சு வர்ற வெட்கமா?"

அவர் சிரிக்கப் போய், பாதியில் கையால் வாயை மூடிக்கொண்டார். அவருடைய சிரிப்பைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டதாக அவள் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பின் கீழ் வரிசையில் முன்பற்கள் நான்கும் ஆடின. போன வாரம் நூலைக் கடித்தபோது நூல் அறுபடவில்லை, பல்தான் நகர்ந்தது. பல் தேய்த்தால் நுரை சிவந்தது. ஈறு விளிம்பு கருஞ்சிவப்பில், தொட்டால் குழையும் அழுகிய பழம் போல இருந்தது. இந்த நாலு பல்லும் போய்விடுமோ என்ற பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தையும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

பக்கத்துப் பல் டாக்டர் விளக்கை அடித்து ஒரு நொடி பார்த்தார். உடனே அணைத்துவிட்டார். "ஈறு நோய். இதை நாங்க தொடக் கூடாதுன்னு உத்தரவு. ஈறுன்னா நிலையத்துக்குத்தான் போகணும்," என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஈறு நோய்த் தடுப்பு மற்றும் நிவாரண நிலையம் ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் வீடளவு பெரிய பலகை. அதில் ஈறு மட்டும் சிரித்தது. கீழே எழுதியிருந்தது: 'ரத்தமில்லா ஈறு ஆண்டு. ரத்தம் வராத நாட்கள்: 274.' எண் மட்டும் தினமும் மாற்றுவதற்கு வாகாகத் தகடுகளில் மாட்டப்பட்டிருந்தது.

உள்ளே பதிவு எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "என்ன தொந்தரவு?"

"பல் தேய்ச்சா ரத்தம் வருது சார்."

பேனா நின்றது. எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. இங்க அந்த வார்த்தையைச் சொல்றதில்ல."

"எந்த வார்த்தை சார்? பல்லா?"

"நிறமாற்றம்னு சொல்லுங்க. எப்போ ஏற்படுது நிறமாற்றம்?"

"தேய்க்கும்போது."

"தேய்க்காதப்போ?"

"வர்றதில்ல."

"அப்போ தேய்க்காதீங்க."

டெய்லர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எழுத்தர் சிரிக்கவில்லை. படிவத்தில் 'காரணம்: நோயாளியின் சொந்தச் செயல்' என்று முத்திரை குத்தினார். "ஏழு நாள் நிறமாற்றம் இல்லாம வாங்க. அப்புறம்தான் சிகிச்சைக்குத் தகுதி. இன்னிக்கு அளவு மட்டும் எடுத்துக்கலாம்."

அளவெடுக்கும் கூடத்தில் கை கழுவும் தொட்டிகள் கருஞ்சிவப்பு. சுவர் தோளுயரம் வரை கருஞ்சிவப்பு. தாதிகளின் மேலங்கி, துடைக்கும் துண்டு, துப்பும் கிண்ணம் எல்லாமே கருஞ்சிவப்பு. எது துப்பினாலும் தெரியாது. வரிசையில் இருந்தவர்கள் நிறையவே துப்பினார்கள். கூடம் முழுக்க, ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை அடித்தது.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, பல்லுக்கு ஆறு இடமாக, முப்பத்திரண்டு பல்லுக்கும் அளந்தார். "மூணு, மூணு, அஞ்சு. நாலு, ஆறு, ஏழு." ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாதி ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லி எழுதினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எண்கள். டெய்லருக்கு ஒருவித மரியாதையே வந்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக அவர் ஒரு கோட்-சூட்டுக்குக்கூட அளவெடுத்ததில்லை.

"எப்போ தைப்பீங்க டாக்டர்?"

"என்னது?"

"இல்ல, அளவெடுத்தா அடுத்து தைக்கணுமே. வைத்தியம் எப்போன்னு கேட்டேன்."

டாக்டரம்மா தாதி நகரும் வரை காத்திருந்தார். பிறகு முகமூடிக்குள்ளேயே பேசினார். "ஈறுக்குக் கீழே காரை கல்லா இறுகிப் போயிருக்கு. அந்தக் கல்லுலதான் கிருமி குடித்தனம் பண்ணுது. சுரண்டி எடுக்கணும். வலது பக்கம் ஒரு அரைமணி, இடது பக்கம் ஒரு அரைமணி. அப்புறம் நீங்க தினமும் ரெண்டு வேளை ஒழுங்கா தேய்ச்சா ஈறு இறுகும், ஆட்டமும் குறையும். நாலு பல்லையும் காப்பாத்திடலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது. எலும்பு கரைஞ்சுக்கிட்டிருக்கு."

"அப்போ பண்ணிடுங்களேன்."

அவர் கண்ணால் காட்டினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினான்கு கிளீனிங் நாற்காலிகள், மெஷினோடு, உறை போட்டு மூடப்பட்டிருந்தன. உறைகள் ஓரம் மடிக்காமல் தைக்கப்பட்டிருந்ததை டெய்லர் கவனித்தார்.

"கிளீன் பண்ணா ரத்தம் வரும். வந்தா வாசல் போர்டு பூஜ்யத்துக்குப் போயிடும். அதனால இருநூத்தி எழுபத்து நாலு நாளா யாரும் அதைத் தொடல."

டெய்லர் நிலையத்தை நம்பினார். ஐந்து மாடி கட்டியவர்கள் தப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஏழு நாள் பல் தேய்க்கவில்லை.

மூன்றாம் நாள் நாக்கு, பல்லைத் தொட்டுவிட்டுத் தானே பின்வாங்கியது. ஐந்தாம் நாள் பல்லின் அடியில் மஞ்சளாக ஒரு கரை கட்டியது. நகத்தால் வழித்தால் வெண்ணெய் போல வந்தது. ஏழாம் நாள் கீழீறைத் தெரியாமல் அழுத்திவிட்டார். பல்லின் ஓரமாக ஒரு சொட்டுச் சீழ் எட்டிப் பார்த்தது. உப்பும் துருவும் கலந்த சுவை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், வாடிக்கையாளர் ஒருவரின் இடுப்பளவைப் பிடித்தபடியே அவர் நின்றார்.

மனைவி தையல் மெஷினை வாசற்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தி எங்கங்க போச்சு? வாயா இது, சாக்கடை மூடியா?"

"எழுத்துல கொடுத்திருக்காங்கம்மா. இதோ பாரு, முத்திரை."

"முத்திரை அவங்க குத்துவாங்க. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறது நான்."

நாள் 281. எழுத்தர் வெள்ளைப் பஞ்சால் ஈறைத் தொட்டும் தொடாமலும் ஒற்றினார். பஞ்சு மஞ்சளாக வந்தது. "சிவப்பு இல்ல. அபாரம்!" என்று எழுந்து கை குலுக்கி, உடனே கையைக் கழுவிக்கொண்டார். பச்சை அட்டை ஒன்று தந்தார். 'சிறந்த முன்னேற்றம்' என்று போட்டிருந்தது. "முந்நூறாவது நாள் விழாவில உங்களை மேடையில ஏத்தறோம்."

"அது இருக்கட்டும் சார். சிகிச்சை?"

"எதுக்கு? உங்களுக்குத்தான் நோயே தெரியலையே."

"நாலு பல் ஆடுதே."

"ஆடுதா? எடுத்துடுவாங்க. மூணாவது மாடி. விழா அன்னிக்கே டோக்கன் வாங்கித் தர்றேன்."

"காப்பாத்திடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பொறுமையாகக் காட்டினார். "இங்க பாருங்க. ஆடுற பல்லுக்கு ஒரு கட்டம். எடுத்த பல்லுக்கு ஒரு கட்டம், அதுக்கு நேரா 'நிவாரணம்'னு அச்சடிச்சிருக்கு. காப்பாத்தின பல்லை நான் எந்தக் கட்டத்துல போடறது?"

"பல்லை எடுத்தா மட்டும் ரத்தம் வராதா?"

"வரும். ஆனா அது பல் ரத்தம். மூணாவது மாடிக் கணக்கு. ஈறு ரத்தம்தான் நம்ம கணக்கு."

முந்நூறாவது நாள் விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து செயலர் அம்மையார் வந்திருந்தார். டெய்லர் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அவருக்கு மறுபக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் தேடிக்கொண்டார்கள்.

இயக்குநர் மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே! இந்த நிலையத்தின் பொறுப்பை நான் ஏற்றபோது தினமும் நூறு பேர் இங்கே சிகிச்சை பெற்றார்கள். நூறு பேருக்கும் ரத்தம் வந்தது. நான் யோசித்தேன். சிகிச்சை பெறாத வீடுகளில் ரத்தம் இல்லை, நம்மிடம் மட்டும் ஏன்? மருத்துவர்கள் சொன்னார்கள், நோய் இருப்பதால் என்று. நான் சொன்னேன், நீங்கள் தொடுவதால் என்று! தொடுவதை நிறுத்தினோம். ரத்தம் நின்றது. இதற்கு வெளிநாட்டுப் படிப்பு வேண்டுமா? பிரஷ் வாங்க வந்த நிதியை என்ன செய்தோம் தெரியுமா? இந்தப் பலகையை வைத்தோம். பிரஷ் மூன்று மாதத்தில் தேயும். பலகை தேயாது!"

கைதட்டல். தட்டிய கைகளில் பாதி, வாயை மூடியிருந்த கைகள்.

"இப்போது இந்த ஆண்டின் முன்மாதிரி வாய்!"

ஓய்வுபெற்ற காவலாளி ஒருவரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். அவருக்கு ஒரு பல்கூட இல்லை. "இரண்டு வருடத்துக்கு முன் இவர் வாயில் இருபத்தாறு பற்கள், இருபத்தாறும் நோய்," என்றார் இயக்குநர். "இன்று பாருங்கள். எங்கே நோய்? காட்டுங்கள் பெரியவரே, கூச்சப்படாதீர்கள்!"

பெரியவர் வாயைத் திறந்தார். கேமராக்கள் மின்னின. அவருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிப் பிரஷ் பரிசளிக்கப்பட்டது. அவர் அதை வாங்கி, எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பிப் பார்த்துவிட்டு மைக்கில் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. "நன்றி என்கிறார்," என்றார் இயக்குநர். முதல் வரிசையில் இருந்த டெய்லரின் மனைவிக்குப் புரிந்தது. 'பசிக்குது' என்றுதான் அவர் சொன்னார்.

அடுத்தது டெய்லர். செயலர் அம்மையாரின் முன்னால் நிறுத்தி, "ஆ" என்றார்கள். அவர் "ஆ" என்றார்.

அம்மையார் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். பூங்கொத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "இது... இந்த நாற்றம்..."

"நாற்றம் எங்கள் கணக்கில் வராது, மேடம்," என்று இயக்குநர் பணிவாகச் சொன்னார். "அது சுற்றுச்சூழல் துறை." பிறகு மைக்கில் முழங்கினார். "தேய்ப்பதையே நிறுத்திய இந்த நல்ல மனிதருக்கு இன்னும் நான்கே நான்கு பற்கள்தான் இடைஞ்சல். மாலை நாலு மணிக்குள் அதுவும் தீரும்!"

மூன்றாவது மாடியில் டெய்லரின் டோக்கன் ஒன்பது. பெஞ்சில் முன்னால் இருந்த எட்டுப் பேர் வேகமாகக் கரைந்தார்கள். உள்ளே தட்டில் டங் டங் என்று விழும் சத்தம். வெளியே வந்தவர்கள் பஞ்சைக் கடித்தபடி, கையில் 'நிவாரணம்' என்ற சீட்டோடு போனார்கள். ஏழாவது டோக்கன் உள்ளே போனபோது டெய்லர் நாக்கால் நாலு பல்லையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஆடினாலும் அவருடைய பற்கள்.

"எழுந்திரிங்க," என்றாள் மனைவி.

"டோக்கன் வாங்கிட்டோமேம்மா."

"சினிமா டிக்கெட்டா, வீணாப் போயிடும்னு கவலைப்பட? நான் சிரிப்பைப் பார்த்துக் கட்டிக்கிட்டவ. நாலு மணிக்குள்ள அதைத் தட்டுல போட்டுத் தர நான் சம்மதிக்கல." அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

அளவெடுக்கும் கூடத்தில் டாக்டரம்மா தனியாக எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் விழாச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

"டாக்டர், நீங்க படிச்சது என்ன?" என்று கேட்டாள் மனைவி.

"ஈறு சிகிச்சை."

"எத்தனை வருஷம்?"

"எட்டு."

"எட்டு வருஷம் படிச்சது கூட்டல் போடவா? அந்த உறையைக் கழட்டுங்கம்மா."

"ரத்தம் வரும்."

"வரட்டும். ஏற்கனவே சீழ் வருது."

டாக்டரம்மா சற்று நேரம் டெய்லரின் வாயைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அருவருப்பு வந்தது. ஆனால் அது அந்த வாயைப் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய் முதல் நாற்காலியின் உறையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஓரம் மடிக்காத தையல் பர்ரென்று பிரிந்தது.

ஊசி போட்டு வலது பக்கத்தை மரத்துப்போக வைத்தார். மெஷின் கிய்ய் என்று கத்தியது. ஈறுக்கடியிலிருந்து கற்கள் வந்தன. பச்சை, கருப்பு, கழுநீர்த் தொட்டியின் அடியில் படியும் நிறம். எவர்சில்வர் தட்டில் மிளகு மிளகாக விழுந்தன. அவற்றோடு ரத்தம், சீழ், பெயர் தெரியாத வழவழப்பு. மனைவி தட்டைப் பிடித்திருந்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள், தட்டைத் திருப்பவில்லை.

டாக்டரம்மா கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசினார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தது போல. "மென்மையான பிரஷ் வாங்குங்க. ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வைங்க. அழுத்தாதீங்க. காலையில ரெண்டு நிமிஷம், படுக்கப் போகும்போது ரெண்டு நிமிஷம். பல் இடுக்குல தினமும் ஒருமுறை அதுக்குன்னு விக்கிற நூல். முதல்ல ரத்தம் வரும். பயந்து நிறுத்தக் கூடாது. ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா நின்னுடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டுங்க. அவ்வளவுதாங்க. இதைச் சொல்லத்தான் இந்த அஞ்சு மாடி."

வலது பக்கம் முடிந்து, இடது பக்கத்துக்கு நகரும்போது கதவு திறந்தது. மெஷின் சத்தம் கேட்டு இயக்குநர் வந்துவிட்டார். பின்னால் எழுத்தர், கையில் பாதி கேக்.

இயக்குநர் தட்டைப் பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை, சீழைப் பார்க்கவில்லை. "சிவப்பு!" என்றார். "முந்நூறு நாள்! கீழே அம்மையார் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாய்க்காக முந்நூறு நாளா? அம்மா, நீங்கள் ஒரு மருத்துவரா?"

"இன்னிக்குத்தான் சார்," என்றார் டாக்டரம்மா.

இயக்குநர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. "எழுத்தரே, எழுதுங்கள். 'இவர் இன்று சிவப்பு மிட்டாய் தின்றுவிட்டு வந்தார். தட்டில் இருப்பது மிட்டாய்ச் சாயம் கலந்த உமிழ்நீர்.' நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இடது பக்கத்தையும் செய்யட்டும், நான் பார்க்கவில்லை. போடாவிட்டால் மெஷினை மூடுங்கள். பாதி வாயோடு வீட்டுக்குப் போகட்டும்."

டெய்லர் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தில் இரண்டு முன்பற்கள், அவற்றின் வேரில் இன்னும் கல். மரத்த உதட்டால் அவர் ஏதோ கேட்டார். யாருக்கும் புரியவில்லை. எழுத்தர் அட்டையில் வைத்துக் காகிதத்தை நீட்டினார். டெய்லர் பேனாவை வாங்கிக் குனிந்தார்.

மரத்த வாய் மூடவில்லை. குனிந்த வேகத்தில் ரத்தமும் எச்சிலுமாக ஒரு பெரிய சொட்டு, கையெழுத்துக்கென்று விட்டிருந்த கோட்டின் மேல் சொத்தென்று விழுந்து, 'மிட்டாய்' வரை பரவியது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"சார்," என்றார் எழுத்தர் மெதுவாக, "இதை என்னன்னு பதியறது?"

"சிவப்பு மை," என்றார் இயக்குநர்.

"சிவப்பு மையில நோயாளி கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி இருக்கே சார்."

"அப்படியென்றால் விதிவிலக்குப் படிவம் கொண்டு வாருங்கள்!"

விதிவிலக்குப் படிவம் ஐந்தாவது மாடி அலமாரியில் இருந்தது. அதன் சாவி இயக்குநரிடம் இருந்தது. இருவரும் காகிதத்தை ஆளுக்கொரு முனையில், சொட்டு வழியாதபடி மட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஓரடி ஓரடியாகப் படியேறினார்கள். அந்தப் படிவத்துக்கு மூன்று பேர் மேலொப்பம் இட வேண்டும் என்பதால் அவர்கள் இறங்கி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று.

இடது பக்கத்துக்கு அரைமணிதான் தேவைப்பட்டது.

ஆண்டறிக்கையில் ரத்தம் வராத நாட்கள் முந்நூற்று அறுபத்தைந்து என்றே வந்தது. டாக்டரம்மாவை அளவெடுப்பதிலிருந்து விலக்கி, உறைகளின் பராமரிப்புக்கு மாற்றினார்கள். பதினான்கு உறைகளின் பொறுப்பும் இப்போது அவரிடம்தான். தினமும் ஒன்றைக் கழற்றி அடியில் தூசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது; பார்க்க அரைமணி ஆகிறது. அந்த நேரத்தில் நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் அதற்குப் படிவம் இல்லை.

சிகிச்சை முடிந்த அன்று வீடு திரும்பும் பேருந்தில் டெய்லர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருடப் பழக்கம். மனைவி அவருடைய முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஊதுங்க."

"எல்லாரும் பார்க்கிறாங்க."

"ஊதுங்கன்னா."

அவர் ஊதினார். அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. கண்ணை மூடி, மொச்சை வாங்கும்போது முகர்ந்து பார்ப்பது போல நிதானமாக முகர்ந்தாள்.

"ரத்த வாடை அடிக்குது," என்றாள்.

டெய்லரின் முகம் வாடியது.

"அட, அதுக்கென்ன. இதோட குடித்தனம் பண்ணலாம்," என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.